வழவழப்பு என்ன விலை?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் 'இதில் மெட்டீரியல் எவ்வளவு, லேபர் எவ்வளவு?' என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஓட்டலில் ரவா தோசை வந்தால்கூட ரவை எத்தனை கிராம் இருக்கும் என்று யோசிப்பார்கள். அதற்குள் தோசை ஆறிப்போகும். எனக்கும் அந்த வியாதி உண்டு. அது முற்றி, போன ஆடி மாதம் கடையநல்லூரில் என் வீட்டுத் தார்சாவில் ஒரு பிளைவுட் அலமாரி ரூபத்தில் வெளிப்பட்டது.

ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், இரண்டு கதவு. என் புத்தகங்கள், அம்மாவின் மாத்திரைகள், மகளின் நோட்டுகள் எல்லாம் அடங்கும்படி ஆசாரி செய்து கொடுத்தது. "மைக்கா ஒட்டிருவோமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம், எதிர்வீட்டுச் சிங்கப்பூர்க்காரர். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டுக்காவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஏதாவது ஒரு சம்பந்தம் இருக்கும். அவர் புது வீட்டில் ஒரு வெள்ளை அலமாரி. பெயிண்ட்தான், ஆனால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் முன்னால் நின்று நான் தலை சீவியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அறுபது வயது இருக்கும். வந்தவர் அலமாரியைப் பார்க்கவே இல்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரல் நுனியால் பலகையை மெதுவாகத் தடவினார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி.

"ஆறு நாள் ஆகும் தம்பி. கூலி ஆறாயிரம். ஆனா இப்ப வேண்டாம். சாரல் நிக்கட்டும், ஆவணில வச்சுக்கிடுவோம்."

"ஆறு நாளா? ஒரு லிட்டர் பெயிண்ட்தானே அண்ணாச்சி!"

"பெயிண்ட் அடிக்க அரை நாள்தான். மிச்சம் அஞ்சரை நாளும் பெயிண்ட் அடிக்காம இருக்கதுக்கு."

இதை நான் ஜோக் என்று எடுத்துக்கொண்டேன். 'மூவாயிரம்' என்று பேரம் பேசினேன். அண்ணாச்சி சிரித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அதையும் நீங்களே அடிக்கப் போறியளாக்கும்?" என்றாள் மனைவி.

அந்த 'ஆக்கும்' இருக்கிறதே, அதுதான் என்னைக் கடைக்கு அனுப்பியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை. நேரே பலகைமேல் எனாமல். அரை மணி நேரத்தில் ஒரு கோட் முடிந்தது. ஆறாயிரத்தை அரை மணிக்கு வகுத்து, எனக்கு நானே சம்பள உயர்வு கொடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் தடவிப் பார்த்தால் மூன்று நாள் தாடி! பெயிண்டின் ஈரத்தில் மரநார் எல்லாம் முள்ளாக எழுந்து நின்றது. வெட்டிய ஓரங்களோ பெயிண்டை முழுசாகக் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வெறும் பலகையாக நின்றன.

பிளைவுட் என்பது ஒற்றைப் பலகை இல்லை. மரத்தை அப்பளம் மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒரு தாளின் ரேகை நெடுக்கே என்றால் அடுத்ததன் ரேகை குறுக்கே என்று மாற்றி மாற்றி வைத்து, பசை போட்டு அழுத்தியது. 3, 5, 7 என்று பொதுவாக ஒற்றைப்படையில்தான் அடுக்குவார்கள். அதனால்தான் அது சுலபத்தில் வளையாது. ஆனால் வெட்டிய ஓரத்தில் பாதி அடுக்குகளின் துவாரம் வாயைத் திறந்துகொண்டிருக்கும். பெயிண்டை ஸ்டிரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

இரண்டாவது ஞாயிறு. மேடு பள்ளத்தை நிரப்ப, வீட்டுச் சுவருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சிமென்ட் பட்டியைக் கரைத்து, தோசைக்கரண்டியால் தடித்துப் பூசினேன். (தோசைக்கரண்டி பற்றி வீட்டில் நடந்த விவாதம் இங்கே வேண்டாம்.) மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் அப்படி அசைந்து கொடுக்காது. நாலே நாளில் அலமாரி, கோடையில் வறண்ட குளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்தது.

மூன்றாவது ஞாயிறு. வெடிப்பின்மேல் இன்னொரு கோட் பெயிண்ட். அன்றைக்குத்தான் அண்ணாச்சி ஏன் ஆவணி என்றார் என்று புரிந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று, குற்றாலத்தில் சீசன் நடத்திவிட்டு அப்படியே எங்கள் ஊருக்கும் வரும். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதுதான். அம்மியையே பறக்கவிடும் என்று பேர் வாங்கிய காற்று, என் அலமாரியை விடுமா? தெருப் புழுதி, வேப்பம் சருகு, இரண்டு கொசு எல்லாம் ஈரப் பெயிண்டில் வந்து நிரந்தரமாகக் குடியேறின. எனாமல் என்பது வேட்டி காய்கிற மாதிரி காய்வதில்லை. முதலில் டர்பன்டைன் ஆவியாக வேண்டும். பிறகு பெயிண்டில் உள்ள எண்ணெய்ச் சத்து காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக வேண்டும். சாரல் நேரத்துக் குளிர்ச்சியில் அதற்கு இரட்டை நேரம் பிடிக்கும்.

அதற்குள் என் மகள், "காஞ்சிட்டாப்பா?" என்று ஒரு மணிக்கு ஒரு தரம் ஆராய்ச்சி செய்தாள். கதவில் அழகாக ஐந்து விரல் பதிந்தது. ரேகைகூட எண்ணலாம்.

அம்மா மட்டும்தான் திட்டவில்லை. எங்கள் தாத்தா தறி நெய்தவர். "பாவுல முடிச்சு கெடந்தா சேலையில தெரியாமப் போகுமாலே? மேல எந்தச் சாயம் போட்டாலும் அது காட்டிக் குடுத்துரும்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். பெயிண்ட் குறையை மறைக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிறத்தை வேண்டுமானால் மறைக்கும். மேடு பள்ளத்தையோ வெளிச்சம் போட்டுக் காட்டும். பளபளப்பு கூடக் கூடக் குறையும் கூடத் தெரியும்.

ஆவணி பிறந்ததும் அண்ணாச்சி வீட்டுக்கு நானே போனேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. வந்து பார்த்து, "ஏழு நாள் ஆகும்" என்றார். அந்த ஒரு நாள், நான் பூசியதைச் சுரண்ட.

"எதிர்வீட்டு அலமாரி மாதிரி வருமா?"

"அது டூக்கோ தம்பி. ஸ்பிரே. நான் பிரஷ்ல அடிப்பேன். தூரத்துல இருந்து பார்த்தா நீங்களும் தல சீவலாம்."

என் ரகசியம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

டூக்கோ என்பது 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த லேக்கரின் பெயர். அதுவரை கார் பாடிக்குப் பூசிய வார்னிஷ் காய வாரக்கணக்கில் ஆகும். ஜெனரல் மோட்டார்ஸ் டூக்கோவுக்கு மாறியதும் மணிக்கணக்காகிவிட்டது. அந்தப் பெயர் நம்மூரில் வேலையின் பெயராகவே நின்றுவிட்டது. ஆனால் அதற்கும் சாரல் ஆகாது. அது வேகமாக ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றின் ஈரம் மேலே படிந்து, பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும்.

சரி, அண்ணாச்சியின் ஏழு நாளை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் நாள் சுரண்டல். இரண்டாம் நாள் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 180. ரேகை ஓடுகிற திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் பெயிண்டுக்கு மேலே தெரியும். அழுத்தியும் தேய்க்கக் கூடாது. பிளைவுட்டின் மேல்தாள் மெல்லிசு, பசை வெளியே வந்துவிடும். வெறும் பலகையில் தண்ணீரும் படக் கூடாது. தூசியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு கோட் உட் பிரைமர். அதில் எழும்பும் நாரை மறுநாள் 220-ஆல் தட்டி அடக்க வேண்டும்.

மூன்றாம், நான்காம் நாள் பட்டி. சாக்பவுடரைக் காய்ச்சின ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தார். ஓரங்களுக்கு முதலில் ஊட்டி, பிறகு பலகை முழுக்கத் தகடால் இழுத்தார். இழுத்ததில் முக்கால்வாசியைத் தகடே திரும்பக் கொண்டுவந்தது. "பள்ளத்துல இருக்கது மட்டும் இருந்தாப் போதும்." காய்ந்ததும் தேய்ப்பு. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. எண்ணெய் துடைத்த துணியை நான் சுருட்டி மூலையில் போட்டபோது மட்டும் அதட்டினார். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணி சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

ஐந்தாம் நாள் இரண்டாவது பிரைமர். அது காய்ந்ததும், சாயங்காலம் லைட்டையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தார். வழவழப்பு என்று நான் நினைத்திருந்த இடத்தில் மலை, மடு, ஓடை எல்லாம் நிழலாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் விரல் நுனி அளவு பட்டி. பிறகு 320.

ஆறாம் நாள்தான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். பழைய மெல்லிய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் டர்பன்டைன் சேர்த்து, முந்தின நாளே கழுவித் துடைத்த அறைக்குள் அடித்தார். கடைசியில் பிரஷ் நுனி மட்டும் படும்படி, ஒரே திசையில், இறகால் வருடுவது போல ஓர் இழுப்பு. அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. "பெறகு தொட்டா கோடு விழும்." மறுநாள் 400 வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, கடைசிக் கோட்.

எங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் மரச்செப்புகளும் இந்தக் கதைதான். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டில் நிறம் உருகி ஏறும். ஆனால் அதற்கு முன்பே மரத்தை உளியால் கடைந்து வழவழப்பாக்கிவிடுவார்கள். நிறம் எப்போதுமே கடைசி விருந்தாளிதான்.

அந்த வாட்டர் பேப்பர் நாளில்தான் கவனித்தேன். இடையில் அண்ணாச்சி ரேஷன் கடைக்குப் போய்விட்டு வெறும் பையோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, அரிசி இல்லையா?"

"அரிசி இருக்கு. என் விரல்தான் இல்ல. நாலு தரம் தொடச்சுத் தொடச்சு வச்சேன். மிஷின் ஆளத் தெரியலங்குது. வீட்டுக்காரி வந்து வச்சாத்தான் அரிசி."

கையை நீட்டினார். நாற்பது வருஷம் உப்புத்தாளும் வாட்டர் பேப்பரும் தேய்த்த விரல் நுனிகள். ரேகையே இல்லை. பிரைமர் அடித்து 320-ஆல் தேய்த்த பலகை மாதிரி இருந்தன. பக்கத்திலேயே, சுரண்டி எடுத்து ஓரமாகக் குவித்து வைத்திருந்த பழைய பெயிண்ட் பொருக்குகள். அதில் ஒரு துண்டில் என் மகளின் கட்டைவிரல் அப்படியே தெளிவாகப் பதிந்திருந்தது.

"கையுறை போட்டுக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"போட்டா மேடு பள்ளம் தெரியாதுல்லா தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. மூக்குக்காவது நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்தேன், அதைப் போட்டுக்கொண்டார். நீங்களும் வாங்கிக் கொடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் உள்ள கதவு ஜன்னலை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி தேய்ப்பவர் நெஞ்சுக்கும், வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள்.

இனி கணக்கு. மிச்சம் பிடிக்க நினைத்தது மூவாயிரம். நானே பாழாக்கிய பெயிண்ட், பிரஷ், உப்புத்தாள் 2,300. அண்ணாச்சி கூலி 7,000. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு தோசைக்கரண்டி தனி. இதெல்லாம் எந்தத் தலைப்பில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த விரல் ரேகையை எந்தத் தலைப்பில் எழுதுவது? தேய்மானம் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அது சொத்துகளுக்கு மட்டும்தான் போடுவார்கள்.

ஏழாயிரத்தை எண்ணிக் கொடுத்தபோது அண்ணாச்சி எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இந்த வருசம் பூராவும் கதவ மெதுவாச் சாத்துங்க" என்றார். அவ்வளவுதான்.

அலமாரி இப்போது கூடத்தில் நிற்கிறது. முன்னால் நின்று தலை சீவலாம். கொஞ்சம் தள்ளி நின்றால்.

"அப்ப அடுக்களைக் கதவு?" என்கிறாள் மனைவி.

"ஆவணியாகட்டும். அண்ணாச்சிகிட்ட சொல்லியாச்சு."

"பேரம் பேசினியளா?"

"இல்லை."

முதல் தடவையாக அவள் ஒன்றும் சொல்லவில்லை.