கூர்மை கூடும், உண்மை கூடுமா?

மங்கலாக விழுந்த புகைப்படத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் கூர்மையைக் கூட்டினால் படம் பளிச்சிடுகிறது. மறைந்திருந்த விவரங்கள் வெளிவந்துவிட்டதாக மகிழ்கிறோம். உண்மையில் நடப்பது என்ன?

மென்பொருள் முதலில் படத்தை மேலும் மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கிறது. மூலப்படத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதை மூலப்படத்துடன் சேர்க்கிறது. இதனால் ஓரங்களில் வெளிச்சமான பக்கம் மேலும் வெளுக்கிறது. இருண்ட பக்கம் மேலும் கறுக்கிறது. நம் கண் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறது. புதிய விவரம் எதுவும் பிறப்பதில்லை.

அளவு மீறினால் ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். நுண்ணோக்கியில் எடுத்த வெங்காயத் தோலின் படத்தில் அத்தகைய கோடு விழுந்தால், செல்சுவரை ஒட்டி இன்னொரு சுவர் இருப்பதாக அல்லவா நினைப்போம்!

மங்கலின் காரணத்தைத் தீர்ப்பதே சிறந்த வழி. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்தொலைநோக்கியின் ஆடி விளிம்பில், மயிரிழையின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே பிழை. படங்கள் மங்கின. இதைவிட நுட்பமான கணிப்பொறி முறைகள் ஒளிமிக்க பொருள்களுக்கு உதவின; ஒளி குன்றிய பொருள்களுக்கு அவை போதவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தக் கருவிகளைப் பொருத்திய பிறகே முழுத் தெளிவு கிடைத்தது.

அழகுக்காகக் கூர்மை கூட்டுவதில் தவறில்லை. ஆனால் அறிவியல் கண்காட்சியில் வைக்கும் படமானால், மூலப்படத்தையும் அருகில் வையுங்கள். செய்த மாற்றத்தையும் எழுதுங்கள். படத்தைச் சாட்சியாக நிறுத்துபவர், அதைத் திருத்தியதை மறைக்கலாகாது.