ஈரமும் அவசரமும்

சென்ற மாரி காலத்தில் ஒரு பிற்பகல், உயர்தர வகுப்பில் என்னிடம் படிக்கும் மாணாக்கன் ஒருவன் மடிக்கணினி ஒன்றைத் துவாயிற் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் படலையடியில் வந்து நின்றான். "சேர், சார்ஜ் ஏறுதில்லை" என்றான். அதற்குமேல் ஒன்றுஞ் சொன்னானில்லை. உள்ளே அழைத்து இருத்தித் தேநீர் கொடுத்த பின்னரே முழுக்கதையும் வெளிவந்தது.

மூன்று நாட்களுக்கு முன் இரவு படித்துக்கொண்டிருக்கையில் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளை விசைப்பலகைமீது சரிந்துவிட்டது. அது மூத்த சகோதரி சீட்டுக் கட்டி வாங்கிக் கொடுத்த கணினி. தகப்பனார் அறிந்தால் ஏசுவாரே என்ற பயத்தினாற் பையன் ஒருவருக்குஞ் சொல்லாமல் அதனைத் துடைத்து, அரிசிப் பானையுள் இரவு முழுவதும் வைத்திருந்து, விடியற்காலையில் மின்னேற்றியைச் செருகிவிட்டான். கணினி இயங்கிற்று. ஆனால் ஏற்றத்தைக் காட்டும் இலக்கம் நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து அசையவேயில்லை. மின்னேற்றியைக் கழற்றியதும் திரை இருண்டுவிட்டது. அவனுடைய இரண்டாண்டுக் குறிப்புகள் யாவும் அதனுள்ளேயே இருந்தன.

இக்கதையில் நீர் செய்த தீங்கு சிறிது; அதன்பின் நிகழ்ந்தவை செய்த தீங்கே பெரிது. அஃது எவ்வாறெனப் பார்ப்போம்.

தூய நீர் மின்னை மிகச் சிறிதளவே கடத்தும். நமது யாழ்ப்பாணக் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைப் படையைக் காணாத வீடு இங்கே இல்லை. அதுபோலவே, சிந்திய நீர் ஆவியாகிய பின்னும் அதன் உப்புகள் கணினியின் மின்சுற்றுப் பலகைமீது தங்கிவிடுகின்றன. அவற்றுட் சில காற்றின் ஈரத்தை இழுத்து மீண்டும் மின்னைக் கடத்தத் தொடங்கும். ஆதலாற் காய்தல் வேறு, துப்புரவாதல் வேறு. அரிசிப் பானை பின்னதைச் செய்யமாட்டாது. முன்னதையுங்கூடக் காற்றோட்டமான இடத்தைவிடச் சிறப்பாகச் செய்வதில்லை. அரிசித் தூள் துளைகளுட் புகுவதே மிச்சம்.

உப்பு நீரில் இரு செப்புத் தகடுகளை நிறுத்தி மின்கலத்தோடு இணைத்தால் நேர்முனைத் தகடு அரிக்கப்படுவதை மாணவர்கள் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர். ஈரமான மின்சுற்றுப் பலகையிலும் நிகழ்வது அதுவே. அங்குள்ள செப்புக் கோடுகளோ மயிரிழை போன்றவை. கணினியை நிறுத்தினாலும் மின்கலவடுக்கு இணைந்திருக்கும் வரை சில கோடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். மின்னேற்றியையுஞ் செருகினால் அரிப்பு இன்னும் விரைவுபடும். பையன் அன்று விடியற்காலையிற் செய்தது இதுதான்.

இனி, மின்கலவடுக்கு ஏற்றம் பெற மறுத்தது ஏன்? மடிக்கணினிகள் பலவற்றில் மூன்று அல்லது நான்கு இலிதியம் அயன் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 3.6 உவோற்று உடையது. நிறைந்தால் வழக்கமாக 4.2 உவோற்று. கலங்களின் அருகே ஒரு காவற்சுற்று இருந்து அவற்றின் அழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை ஓயாது கண்காணிக்கும். ஒழுங்கீனங் காணின் வாயிலை அடைத்துவிடும். ஆகவே இம்மறுப்பு பல வேளைகளில் ஓர் எச்சரிக்கையேயாகும். 1991 இல் விற்பனைக்கு வந்து, 2019 இல் தன்னை ஆக்கிய அறிஞர் மூவருக்கு நோபற் பரிசைப் பெற்றுக் கொடுத்த இக்கலம், சிறிய இடத்திற் பெரிய ஆற்றலை அடக்கி வைத்திருப்பது. காவலாளியை ஏமாற்றி அதற்கு வலிந்து மின்னேற்ற முயல்வது தீயோடு விளையாடுவதாகும்.

கணினி நனைந்துவிட்டால் முதலிற் சுவரிலுள்ள ஆளியை நிறுத்தி மின்னேற்றியைக் கழற்றுங்கள். பின்னர், திரை அணையும்வரை கணினியின் ஆளியை அழுத்திப் பிடியுங்கள். கழற்றக்கூடிய மின்கலவடுக்காயின் உடனே கழற்றிவிடுங்கள். கணினியை விரித்து, விசைப்பலகை கீழ்நோக்கக் கூடாரம்போலக் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலும் தலைமயிர் உலர்த்தும் கருவியும் ஆகா. காய்ந்துவிட்டதா என்று இடையிடையே இயக்கிப் பார்த்தலும் ஆகாது. இயன்றவரை விரைவாகப் பழுதுபார்ப்பவரிடங் கொடுத்துத் திறப்பித்து, மின்கலவடுக்கின் இணைப்பைப் பிரித்து, பலகையை அற்ககோலினாற் கழுவுவித்தலே சாலச் சிறந்தது.

நன்கு உலர்ந்து துப்புரவான பின்னும் ஏற்றம் ஏறாவிடின் ஒழுங்காக ஆராய்க. மின்னேற்றி நனைந்திருந்தால் அதனைத் தொடவே வேண்டாம். அதனுட் செல்வது 230 உவோற்று. அதே வகையைச் சேர்ந்த வேறொரு நல்ல மின்னேற்றியாற் பாருங்கள். கணினி இயங்காவிடின் பழுது பெரும்பாலும் மின் நுழைவாயிலிலோ பலகையிலோ இருக்கும். கணினி இயங்கியும் மின்கலவடுக்கே இல்லையென்று காட்டினால், இணைப்பையோ காவற்சுற்றையோ ஐயுறலாம். மின்கலவடுக்கைக் கண்டும் ஏற்றாவிடின், ஏற்றுஞ் சுற்றும் வெப்பநிலை உணரியும் ஆராயப்பட வேண்டியவை. எண்பது வீதத்தில் நின்றுவிட்டால், அது பழுதாயிராது. ஆயுளை நீடிப்பதற்காகச் செய்யப்பட்ட அமைப்பாகவும் இருக்கலாம்.

ஓர் அடையாளத்தை மட்டும் வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். கணினியின் அடிப்பாகம் புடைத்தாலும், மூடி சரியாக மூடாவிட்டாலும், காரணமின்றிச் சூடேறினாலும், இனிய வாசனை போன்ற ஒரு மணம் வந்தாலும் மின்கலவடுக்கு கெட்டுவிட்டது. மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, எரியும் பொருள்கள் இல்லாத வெளியிடத்திற் கணினியை வையுங்கள். குத்தவோ அமுக்கவோ வேண்டாம். குப்பையோடு போடவும் வேண்டாம்.

பையனுடைய கணினியைத் திறந்தபோது மின்கலவடுக்கின் இணைப்பு பச்சைக் களிம்பேறியிருந்தது. காவற்சுற்றும் பழுதாகிவிட்டபடியாற் புதிய மின்கலவடுக்கு ஒன்று வாங்க நேர்ந்தது. நல்லகாலமாகக் குறிப்புகள் தப்பின. இப்போது அவற்றின் படியொன்றை வேறிடத்திலும் வைத்திருக்கிறான்.

தகப்பனாரிடம் விடயத்தைச் சொல்ல நானுங் கூடவே போனேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்பு, "அண்டைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு வந்திராதே, தம்பி" என்று மட்டுஞ் சொன்னார். பையன் தலைகுனிந்து நின்றான்.

நனைந்த கணினிக்கு முதல் மணித்தியாலமே மருந்து. அந்த மணித்தியாலத்தைப் பிள்ளை பயத்திற் கழிக்காதபடி பார்த்துக்கொள்வது பெற்றோர் கையிலேயே இருக்கிறது.