சோப்பு காய்ச்சியது யார்?

டேவிட் லிவிங்ஸ்டனைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வாசகர் வட்டங்களில் இரண்டே கட்சிதான். ஒன்று, ஆப்பிரிக்காவைத் தனியாளாக நடந்து கடந்த மகான் என்று உருகும். இன்னொன்று, காலனியத்துக்கு வழி காட்டிய ஆள் என்று முடித்துவிடும். எனக்கு இரண்டாவது கட்சியோடுதான் ஒட்டு. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அந்த ஆள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டார்கள்.

வீடு 1847இலிருந்து கொலொபெங்கில் இருந்தது. இன்றைய போட்ஸ்வானா. அங்கே ஒரு நாள் எப்படிப் போனது என்று 1857இல் வந்த தன் பயண நூலில் லிவிங்ஸ்டனே சொல்கிறார். காலை ஆறு ஏழு மணிக்குள் ஜெபமும் பசியாறலும். பிறகு பதினொரு மணிவரை எல்லாருக்கும் பள்ளி. அதன்பின் அவர் கொல்லர், தச்சர், தோட்டக்காரர். மனைவி மேரிக்கு வீட்டு வேலை, மதியத்துக்குமேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம். வீட்டு வேலை என்றால் கடைக்குப் போய் வாங்கி வருவது இல்லை. கரையான் புற்றைக் குடைந்து, உள்ளே நெருப்பு மூட்டி, அதில் ரொட்டி சுட வேண்டும். ஜாடியில் வெண்ணெய் எடுக்க வேண்டும். மெழுகுவர்த்தி வார்க்க வேண்டும். செடிச் சாம்பலைக் கொண்டு வாரக்கணக்கில் சோப்பு காய்ச்ச வேண்டும். இதற்கெல்லாம் அந்தத் தடித்த புத்தகத்தில் சில பத்திகள்தான். மிச்சமெல்லாம் நடை.

மேரி 1821இல் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர். குருமானில் மிஷன் நடத்திய ராபர்ட் மோஃபாட்டின் மகள். செட்ஸ்வானா அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். லிவிங்ஸ்டன் வந்து இறங்கியதோ 1841இல். ஆக அந்த வீட்டில் ஆப்பிரிக்காவுக்குப் புதுசு யார்?

வாய்க்கால் கதை இன்னும் சுவை. கொலொபெங் ஆற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த அணையையும் வாய்க்காலையும் க்வேனா மக்கள் வெட்டிக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் தலைவர் செசேலேவுக்குச் சதுர வீடு கட்ட இவர் உதவினார். சரியான பண்டமாற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானும் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவன். மண் வெட்டினவன் பெயர் பலகையில் வராது என்று எனக்குத் தெரியும். பிறகு மழை பொய்த்து ஆறே வற்றிப்போனது வேறு விஷயம்.

அதே செசேலே 1848இல் ஞானஸ்நானம் பெற, ஒருத்தியைத் தவிர மற்ற மனைவிகளை அனுப்பிவிட வேண்டியிருந்தது. பள்ளியில் நன்றாகப் படித்தவர்களே அந்தப் பெண்கள்தான். லிவிங்ஸ்டனுக்கும் வருத்தம் இருந்தது. இருந்து என்ன?

1850இல் கர்ப்பிணி மேரியையும் மூன்று பிள்ளைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கலஹாரி வழியே நகாமி ஏரிக்குக் கொண்டுபோனார். திரும்பியதும் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. அடுத்த வருஷம் மறுபடியும் கர்ப்பம், மறுபடியும் வண்டி. அந்தப் பிள்ளை போடெடி ஆற்றங்கரையில் பிறந்தது. 1852இல் நான்கு பிள்ளைகளோடு மேரியைக் கப்பலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு, அவர் உலகப் புகழ் பெற்ற அந்த நடையைத் தொடங்கினார். மேரிக்கு அங்கே நிலையான வீடு இல்லை, கையில் காசும் இல்லை. கடைசியில் கணவரைத் தேடி வந்தவர், 1862இல் சாம்பெசிக் கரையில் காய்ச்சலில் செத்துப்போனார்.

"அந்தக் காலம் அப்படி ப்ரோ" என்று உடனே ஒரு குரல் வரும். அந்தக் காலத்து மாமியாரே கேட்டுவிட்டாரே! 1851 பயணத்துக்கு முன் மேரியின் அம்மா மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு குழந்தை போய்விட்டது, மற்றவை தப்பியதே பெரிது, மறுபடியும் இந்த நிலையில் அவளை இழுத்துக்கொண்டு போவாயா என்று நேராகவே கேட்கிறார். அவரும் மிஷனரி மனைவிதான், அதே விசுவாசம்தான், முப்பது வருஷம் அதே மண்ணில் சோப்பு காய்ச்சியவர். லிவிங்ஸ்டன் அந்தக் கடிதத்தைத் தன் நாட்குறிப்பில் படியெடுத்து வைத்தார். பிறகு வண்டியைப் பூட்டினார்.

மிஷனரி வரலாறு எதையாவது தமிழில் கொண்டுவர யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பயண நூல் இருக்கட்டும், இந்தக் கடிதத்தை முதலில் செய்யுங்கள். தட்டச்சு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.