அரை மில்லிமீட்டர்

ஆங்கிலேய நாட்டு ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 4 அடி 8½ அங்குலம். ஓர் அடியை இரண்டு மில்லிமீட்டராகச் சுருக்கும் பிரமாணத்தைக் கைக்கொண்டு அதே பாதையை மேஜையின் மேல் நிர்மாணிக்கப் புகுந்தால், அந்த அகலம் 9.42 மில்லிமீட்டர் ஆகிறது. கடைகளில் விலைக்குக் கிடைக்கும் சின்னஞ்சிறு ரயில்களில் மிகவும் பிரசித்தமான வகைக்கு உரிய பாதையோ 9 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள பேதம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு; நல்ல கண்பார்வை உள்ளவரும் ஒருவர் சொல்லிக் காட்டினாலன்றி அதைக் கவனிக்கமாட்டார். அந்தப் பேதத்தைப் பொறுக்காமல், கடைச் சரக்கை விலக்கி, தண்டவாளம் முதல் சக்கரம் வரையில் யாவற்றையும் தாங்களே செய்துகொள்ளத் துணிந்த ஒரு சிறு கூட்டத்தார் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டில் அவர்கள் இரண்டு மில்லிமீட்டர் அளவுச் சங்கம் என்று தங்களுக்கென ஒரு சங்கமும் கண்டார்கள். அவர்கள் செய்யும் காரியத்தில் எனக்கு உள்ள மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து வருவதால், இந்த வாரம் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் பாதையின் வரலாற்றை முதலில் சொல்லிவிடவேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து அர்னால்டு கம்பெனியார் இந்த அளவில் ரயில்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஐரோப்பியக் கண்டத்து ரயில்களை அவர்கள் நூற்றறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். அந்தக் கணக்குக்கு 9 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறைய நூல் பிசகாமல் பொருந்துகிறது. ஆனால் இங்கிலாந்தின் சுரங்கங்களும் பாலங்களும் ரயிலின் ஆரம்ப காலத்திலேயே குறுகலாகக் கட்டப்பட்டவை. ஆகையால் அந்நாட்டு எஞ்சின்கள் கண்டத்து எஞ்சின்களைவிட உருவத்தில் சிறியவை. நூற்றறுபதில் ஒரு பங்காகக் குறைத்தால் அவற்றின் வயிற்றுக்குள் அக்காலத்து மோட்டாரை வைக்க இடமில்லாமல் போயிற்று. உற்பத்தியாளர்கள் எஞ்சினின் உடலைச் சற்றுப் பெரிதாக்கி நூற்று நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, பாதையை மட்டும் 9 மில்லிமீட்டராகவே விட்டுவிட்டார்கள். இதை நிஜ உலகத்தின் அளவுக்குத் திருப்பிக் கணக்கிட்டால், அந்த ரயில்கள் இருக்கவேண்டியதைவிடப் பத்து சென்டிமீட்டர் குறுகிய பாதையில் ஓடுகின்றன என்று ஏற்படும். கால் ஒடுங்கித் தோள் அகன்ற அந்தத் தோற்றத்தை, நிஜ எஞ்சினை நேசித்து அதன் அங்க லட்சணங்களை மனத்தில் பதித்துக்கொண்ட ஒருவர் ஒருமுறை கண்டுகொண்டால், பிறகு அவரால் காணாமல் இருக்க முடிவதில்லை.

இரண்டு மில்லிமீட்டர் பிரமாணத்தில் ஆறடி மனிதன் 12 மில்லிமீட்டர் உயரம் நிற்கிறான். 64 அடி 6 அங்குலம் நீளமுள்ள பிரயாணிப் பெட்டி 129 மில்லிமீட்டர் ஆகிறது. 60 அடித் தண்டவாளம் 12 சென்டிமீட்டர். அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றும் 17 மில்லிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலமும் உடையது. இவ்வளவு சிறியதாகச் செய்வதன் பிரயோஜனம் என்ன என்று கேட்பவர்களுக்கு மைலின் கணக்கே விடை சொல்லும். பெரிய அளவான ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் வகையில் ஒரு மைல் தூரத்தை அமைக்க 37 மீட்டர் இடம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டரில் பத்தரை மீட்டர் போதும். பெரிய அளவுக்காரர் தம் அறைக்குள் ஒரு ஸ்டேஷனை அடக்குவதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது; சிறிய அளவுக்காரரோ ஸ்டேஷனைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஆற்றையும் அதன் மேல் பாலத்தையும் அதற்கப்பால் மலைச்சரிவையும் அமைத்து, அந்த விசாலத்தின் நடுவே ரயிலை அதற்கு உரிய சிறுமையோடு ஓடவிடுகிறார். மான்செஸ்டர் மாதிரி ரயில் சங்கத்தார் இந்த அளவில் நிர்மாணித்த சீ டார் என்ற அமைப்பு இவ்வகையில் புகழ்பெற்றது. டெர்பிஷயரின் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு இடையே மிட்லண்ட் ரயில்வேயார் போட்ட பாதை அதற்குப் பொருள். அந்தப் பள்ளத்தாக்கில் இன்று தண்டவாளம் இல்லை. 1968-இல் அவ்வழியே ரயில் போக்குவரத்து நின்று, இப்போது நடந்து செல்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரிய பாதையாக அது மாறிவிட்டது.

நீளத்தையும் அகலத்தையும் மனிதன் தன் இஷ்டப்படி சுருக்கலாம். பிரகிருதியின் நியதிகளோ அவனோடு சேர்ந்து சுருங்கிக் கொடுப்பதில்லை. ஓர் அடிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்னும்போது நீளம் நூற்றைம்பத்திரண்டில் ஒரு பங்காகிறது; அப்போது கனம் அதன் மும்மடிப் பெருக்கத்தால் குறைந்து, முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. நூறு டன் எடையுள்ள எஞ்சின் இந்தக் கணக்கின்படி 28 கிராம்தான் இருக்கவேண்டும். அது ஒரு மூன்றரைப் பவுன் சங்கிலியின் எடை. அவ்வளவு லேசான பொருள் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு பத்துப் பெட்டிகளை இழுக்கவேண்டும்; போதாதற்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் சக்கரங்கள் வழியாக அதே தண்டவாளத்திலிருந்து பெற்றுக்கொள்ளவேண்டும். தூசிக்கும் சுருக்கம் கிடையாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கான துகள், அந்தச் சிற்றுலகத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பருமனுள்ள தடையாகக் கிடந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. நிஜ ரயில், எஞ்சின் நின்றாலும், தன் வேகத்தின் பலத்தால் வெகுதூரம் உருண்டு செல்லும். இதுவோ மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இந்த இடையூறுகளுக்கு இக்கலைஞர்கள் கண்ட பரிகாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எஞ்சினின் அடிச்சட்டத்தை இரண்டாகப் பிளந்துவிடும் முறையாகும். இடப்பக்கத் தகடும் வலப்பக்கத் தகடும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மின்சாரம் கடத்தாத பொருளை வைத்துச் சேர்க்கிறார்கள். அச்சுகளையும் நடுவில் துண்டித்து, இரு பாதிகளையும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் எதிரெதிராகச் செருகுகிறார்கள். இதனால் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் எல்லாம் அந்தப் பக்கத்துத் தகட்டோடு நேரே தொடர்பு கொண்டு, சக்கரத்தின் மேல் கம்பி உராய்ந்து ஓட்டத்தைத் தடுக்கும் தொல்லையே இல்லாமல் மின்சாரம் மோட்டாருக்குப் போய்விடுகிறது. கொதிகலனுக்குள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் உள்ள வெற்றிடம் முழுவதும் ஈயமோ டங்ஸ்டனோ நிரப்பப்படுகிறது. மோட்டாரின் அச்சில் சில மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பித்தளைச் சுழற்சக்கரம், துண்டித்த கணத்தைத் தாண்டும் அளவுக்கு ஓட்டத்தைச் சேமித்து வைக்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ் வண்டி இங்கே விநாடிக்கு 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செல்லவேண்டும். யார்டில் கூட்ஸ் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் எஞ்சினோ விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஊர்ந்து போகவேண்டும். அந்த ஊர்தலைத் துடிப்பும் தயக்கமும் இல்லாமல் நிகழ்த்துவதுதான் இக்கலையில் மெய்யான பரீட்சை.

இவ்வளவு தூரம் யதார்த்தத்தைப் பின்பற்றுபவர்கள் எல்லாவற்றையும் நூல் பிசகாமல் சுருக்கிவிடுகிறார்களோ என்றால், இல்லை. நிஜச் சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தின் தலைக்குக் கீழே ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் இறங்குகிறது. அதைச் சுருக்கினால் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். மழைக்காலத்தில் ஊறி வெயிலில் சுருங்கும் பலகையின் மேல் போட்ட பாதையில் அவ்வளவு மெல்லிய விளிம்பு நிலைத்து ஓடாது. பாதை பிரியும் இடத்தில் அந்த விளிம்பு புகுந்து செல்லும் சந்து நிஜத்தில் ஒன்றே முக்கால் அங்குலம். சரியாகச் சுருக்கினால் 0.3 மில்லிமீட்டருக்கும் குறையும். அவர்கள் நிர்ணயித்த அளவோ 0.5 மில்லிமீட்டர். வளைவுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அரை மைல் ஆரமுள்ள ஒரு வளைவை உண்மையாகச் செய்ய ஐந்து மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். சாதாரண வீட்டில் அதற்கு இடமேது? பார்வைக்குப் படும் இடத்தில் வளைவை இயன்றவரை விரித்துவிட்டு, திரும்பியே தீரவேண்டிய பகுதியை மலைக்குப் பின்னாலும் சுரங்கத்துக்கு உள்ளேயும் மறைத்துவிடுகிறார்கள்.

இவர்களிடம் நான் கற்றுக்கொண்டதும் இதுவே. எதை விட்டுக்கொடுப்பது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எந்தக் காரணத்துக்காக விட்டுக்கொடுப்பது என்பதற்கெல்லாம் இவர்களிடம் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. பிரகிருதி நிர்ப்பந்திக்கிற இடத்தில், நிர்ப்பந்திக்கிற அளவுக்கு மட்டும் இணங்குகிறார்கள். சௌகரியமும் சோம்பலும் நிர்ப்பந்திக்கிற இடத்தில் இணங்க மறுக்கிறார்கள். விளிம்பின் சந்தில் விட்டுக்கொடுத்தவர்களே பாதையின் அகலத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்பதன் தாத்பரியம் அதுதான்: முன்னதற்குத் தவிர்க்க முடியாத காரணம் உண்டு, பின்னதற்குக் கடையில் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சிரத்தை என்று நம் பெரியவர்கள் சொன்ன குணத்தின் இலட்சணமும் இந்த விவேகமே என்று எனக்குத் தோன்றுகிறது.

பாயிண்ட் என்று ரயில்வேக்காரர்கள் சொல்லும், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தை ஒருவர் செய்வதை அருகிருந்து பார்த்தால் இந்தச் சிரத்தை பிரத்தியட்சமாகும். மேல்புறம் செப்புப் படலம் பதித்த சிலிப்பர் துண்டுகளை, காகிதத்தில் வரைந்த வரைபடத்தின் மேல் அவர் வரிசையாக ஒட்டுகிறார். ஒவ்வொரு துண்டிலும் செப்புப் படலத்தை நடுவே அரத்தால் கீறி அறுத்துவிடுகிறார். ஒன்றில் மறந்தாலும் இரு தண்டவாளங்களின் மின்சாரமும் அதன் வழியே கலந்து ஷார்ட் ஆகிவிடும். தண்டவாளமோ ஒரு மில்லிமீட்டர் உயரமும் அதில் பாதி அகலமும் உள்ள உலோகக் கீற்று. இரண்டு கீற்றுகளை எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் அராவி, கூர்மையான ஒரு மூக்காகச் சேர்த்து, சாமணத்தால் பிடித்துப் பற்றவைக்கவேண்டும். பற்றாசு அதிகமானால் சந்து அடைபடும். குறைந்தால் கை பட்டதும் விட்டுப்போகும். சூட்டை ஒரு கணம் அதிகமாக வைத்தால் பக்கத்தில் முன்பே பற்றவைத்த இணைப்பு உருகிக் கழன்றுவிடும். மூக்கின் இரு மருங்கிலும் வரும் தண்டவாளங்களை அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை இடையில் வைத்து நிறுத்துகிறார். பிரிவின் தொடக்கத்தில் அசையும் இரு நாக்குகளையும் கத்தி முனைபோல் தோன்றும்வரை அராவுகிறார். எல்லாம் முடிந்தபின், ஒரே ஒரு கூட்ஸ் வண்டியை எடுத்து, விரல் நுனியால் மெல்லத் தள்ளிக் காது கொடுத்துக் கேட்கிறார். மூக்கைக் கடக்கும்போது சிறு சத்தம் எழுந்தால் மறுபடியும் அரம் கைக்கு வருகிறது. ஓசையின்றி வண்டி உருண்டு போகும்வரையில் அந்த வேலை முடிந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை.

இத்தகைய சிரத்தை பலருடைய கைகளில் பல ஆண்டுகள் நீடித்தால் என்ன விளையும் என்பதற்கு லண்டனில் உள்ள கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்ற அமைப்பு சான்று. 1910-ஆம் ஆண்டில் தோன்றிய மாடல் ரெயில்வே கிளப் என்ற பழைய சங்கத்தார், கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து வடக்கே போகும் பிரதான பாதையையும் அதைச் சூழ்ந்த நகரப் பகுதியையும், இரு மகாயுத்தங்களுக்கு இடையே இருந்த நிலையில், இந்த இரண்டு மில்லிமீட்டர் பிரமாணத்தில் அமைக்க 1980-களில் தொடங்கி இன்றளவும் விரித்து வருகிறார்கள். அந்த இடத்துக்கு ரயில் வருமுன்பே ஒரு சரித்திரம் உண்டு. டால்படில் கிராமத்தில் தொழிற்சங்கம் சேர்ந்து சட்ட விரோதமாகச் சத்தியப் பிரமாணம் செய்வித்த குற்றத்துக்காக நாடு கடத்தும் தண்டனை பெற்ற கூலித் தொழிலாளர்களுக்கு ஆதரவாக 1834-இல் பெருந்திரளான மக்கள் கூடியது அந்த மைதானத்தில்தான். 1855-இல் அங்கே நகரத்தின் பெரிய மாட்டுச் சந்தை திறக்கப்பட்டது. சந்தையின் மணிக்கூண்டு இன்றும் ஒரு பூங்காவின் நடுவே நிற்கிறது.

அலெக்ஸாண்டிரா மாளிகைக் கண்காட்சியில் அந்த அமைப்பின் எதிரே நான் நின்றபோது, கண்ணுக்கு எட்டியவரை வீடுகளும் புகைபோக்கிகளும் நிறைந்த ஒரு நகரம் உண்மையாகவே தூரத்தில் மறைவதுபோல் தோன்றியது. அதன் ரகசியத்தை அங்கிருந்தவர் ஒருவர் விளக்கினார். முன்புறத்தில் ரயில் ஓடும் இடம் மட்டுமே இரண்டு மில்லிமீட்டர் அளவு. பின்னே போகப் போகக் கட்டடங்களின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மணிக்கூண்டு எழும் பின்கோடியில் வீடுகள் இன்னும் சிறியவை. அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது பிரமாணத்தை மீறிய காரியம். மனிதக் கண் தூரத்தை எப்படிக் காண்கிறதோ அதற்கு விசுவாசமாக இருந்த காரியம். அந்த வீதிகளைப் பழைய வரைபடங்களோடும் புகைப்படங்களோடும் ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு வீட்டின் முகப்பையும் நிச்சயம் செய்துகொண்டு கட்டியிருக்கிறார்கள். கிங்ஸ் கிராஸின் பின்புறத்தில் நிலக்கரி இறக்கிய கட்டடங்கள் இன்று கடைவீதியாகிவிட்டன. எரிவாயுத் தொட்டிகளின் இரும்புச் சட்டங்களுக்குள் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. உழைக்கும் லண்டனின் அந்தப் பகுதி எப்படி இயங்கிற்று என்று அறிய விரும்பும் ஒருவருக்கு, இந்தப் பலகைகளின் மேல் உள்ள நகரம் ஒரு சரித்திர நூலுக்குக் குறைந்ததன்று.

இதில் இன்னொரு சிறப்பையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இவ்வளவு சிலருக்காகச் சக்கரமும் பற்சக்கரமும் செய்து விற்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுபடியாகாது. ஆகவே சங்கத்தின் உறுப்பினர்களே வேண்டிய பாகங்களை உருவாக்கியும் செய்வித்தும், சம்பளம் பெறாத தொண்டர்களைக் கொண்ட தங்கள் பண்டசாலை மூலம் ஒருவருக்கொருவர் வழங்கி வருகிறார்கள். ஒருவர் அறிந்த நுட்பத்தைச் சங்கத்தின் பத்திரிகை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தனி அறையில் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலைபோல் தோன்றும் இது, உண்மையில் ஒருவர் கையை மற்றொருவர் கை தாங்கி நடத்தும் கூட்டு முயற்சி. அந்தத் துணை இல்லாவிட்டால் 9.42 என்ற எண் வெறும் ஆசையாகவே நின்றிருக்கும்.

சிற்றளவில் ரயில் அமைக்க விரும்பும் இளைஞர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவர்களுக்கு அனுபவஸ்தர்கள் கூறும் யோசனையையே நானும் வழிமொழிகிறேன். நகரத்தையும் பள்ளத்தாக்கையும் முதலில் திட்டமிட வேண்டாம். ஒரு முழம் பாதை போடுங்கள். அதில் ஒரு பாயிண்ட் செய்யுங்கள். அதன் மேல் உருள ஒரு கூட்ஸ் வண்டி செய்யுங்கள். இவை மூன்றும் சரியாக அமைவதற்குள், எங்கே இணங்கவேண்டும், எங்கே இணங்கக்கூடாது என்ற தீர்மானத்தைக் கை தானாகவே அறிந்துகொள்ளும். அந்த அறிவு வந்துவிட்டால், மீதி எல்லாம் காலத்தைப் பொறுத்த விஷயம்.