பெட்டி மாறியது... பெயரும் மாறியது!

மாதக் கடைசி. ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்கு வழக்கு முழுவதும் லினக்ஸ் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர் செய்யவே, அங்கே வேலை பார்க்கும் இளைஞர் அந்த மெஷினை அப்படியே புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார். மெஷின் ஆன் ஆகிறது. ஆனால், நெட்வொர்க் இல்லை. மற்ற மேஜைகளிலிருந்து யாராலும் கணக்கைத் திறக்க முடியவில்லை. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் போட்டுவிடலாமா?' என்று அவருக்குக் கை பரபரக்கிறது.

அங்கேதான் நிதானம் வேண்டும். கணக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது. மாறியது ஒரு பெயர் மட்டுமே!

எந்தப் பெயர்?

விர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளே உருவாக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். அதற்கும் ஒரு நெட்வொர்க் கார்டு உண்டு. அந்தக் கார்டுக்கு லினக்ஸ் ஒரு பெயர் வைக்கும்.

முன்பெல்லாம் கண்ணில் பட்ட வரிசைப்படி 'ஈத்0', 'ஈத்1' என்று பெயர் விழும். இரண்டு கார்டுகள் இருந்தால், ரீஸ்டார்ட் செய்யும்போது பெயர்கள் இடம் மாறிவிடும் ஆபத்து இருந்தது. ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்று வெளி இணையத்துக்கு என்றால் என்ன ஆகும்? வாசல் கதவுக்குப் போட வேண்டிய பூட்டைப் பூஜை அறைக்குப் போட்ட கதைதான்.

இதைத் தவிர்க்கத்தான் 2013-ல் வெளிவந்த சிஸ்டம்டி 197 புது முறையைக் கொண்டுவந்தது. கார்டு செருகப்பட்டிருக்கும் இடத்தை வைத்தே பெயர். விர்ச்சுவல்பாக்ஸில் வழக்கமாகத் தென்படும் 'இஎன்பி0எஸ்3' என்ற பெயரில், 'இஎன்' என்றால் ஈதர்நெட். 'பி0' என்றால் பூஜ்ஜியமாவது பஸ். 'எஸ்3' என்றால் மூன்றாவது ஸ்லாட். தியேட்டர் ஸீட் நம்பர் மாதிரி!

ஆனால், தியேட்டரே மாறினால்? அதே மெஷின் விஎம்வேருக்குப் போனால், கார்டு 'இஎன்எஸ்33' என்று பெயர் பெறக்கூடும். செட்டிங்ஸ் ஃபைலோ இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். பழைய விலாசத்துக்குப் போன கடிதம் வீடு வந்து சேருமா?

என்ன செய்யலாம்?

நெட்வொர்க் இல்லாததால், அந்த மெஷினின் சொந்த விண்டோவிலேயே லாகின் செய்து, 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். பட்டியலில் வரும் 'லோ' என்பது கார்டு அல்ல. மெஷின் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி. இன்னொரு பெயர் இருந்தால், அதுதான் கார்டின் இப்போதைய பெயர். 'லோ' மட்டும்தான் இருக்கிறதென்றால் சிக்கல் பெயரில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் செட்டிங்ஸில் கார்டு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உபுண்டு சர்வராக இருந்தால், நெட்பிளான் ஃபைலைப் பிரதி எடுத்துவைத்துவிட்டு, பழைய பெயர் இருக்கும் இடத்தில் புதிய பெயரை எழுதலாம். பிறகு 'நெட்பிளான் டிரை' கட்டளை. சரி என்று 120 விநாடிகளுக்குள் உறுதி செய்யாவிட்டால், பழைய நிலைக்கே அது திரும்பிவிடும்.

பெயருக்குப் பதில், கார்டின் 12 இலக்க மேக் முகவரியைக் கொண்டும் அடையாளம் காட்டலாம். ஆனால், மெஷினை நகல் எடுக்கும்போது மேக் முகவரி பெரும்பாலும் புதிதாகிவிடும். சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் பலரை இதுதான் திணறடித்தது. பழைய முகவரிக்கு 'ஈத்0' ரிசர்வ் ஆகியிருக்க, நகலின் கார்டு 'ஈத்1' ஆகிவிடும். '70-பெர்சிஸ்டன்ட்-நெட்.ரூல்ஸ்' ஃபைலை நீக்கி, செட்டிங்ஸில் இருக்கும் பழைய முகவரியையும் திருத்தி, ரீஸ்டார்ட் செய்வதுதான் அப்போதைய வைத்தியம்.

அந்த இளைஞர் மாற்றியது ஒரே ஒரு சொல். அழிக்கப் போன கணக்கு அடுத்த நிமிடமே எல்லா மேஜைகளிலும் திறந்தது. பேக்கப் எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, நெட்வொர்க் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவைப்பதும் அவசியம். அதற்கு மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்!