ஐந்தாண்டு பாலிசியும் ஓராண்டுப் பாதுகாப்பும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை, கிள்ளிப்பாலம், கரமனை ஆகிய பகுதிகளில் வேலை செய்யும் தமிழர் பலருக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. கடை அடைக்கும் நேரமும் நாகர்கோவில் ரயிலின் நேரமும் எப்போதும் பொருந்தி வருவதில்லை. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இன்று ஓரிடம், நாளை வேறிடம். ஆகவே தவணைக் கடனிலாவது ஒரு வண்டி வாங்கிவிடுகிறார்கள். வண்டியின் விலை, மாதத் தவணை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் நாலு பேரிடம் விசாரித்து அறிகிறவர்கள், அதனுடன் கொடுக்கப்படும் இன்ஷூரன்ஸ் பாலிசியை மட்டும் படித்துப் பார்ப்பதில்லை. போலீஸ்காரர் கேட்டால் காட்ட வேண்டிய காகிதம் என்ற அளவிலேயே அதற்கு மதிப்பு.

இந்த எண்ணம் வளர்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாயும், மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். ஆனால் சட்டம் கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே. பாலிசி எடுப்பவர் முதல் நபர். கம்பெனி இரண்டாம் நபர். வண்டியால் பாதிக்கப்படும் வெளியார் மூன்றாம் நபர். சாலையைக் கடக்கும் ஒருவர் மீது வண்டி மோதி அவர் உயிரிழந்தால், விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கம்பெனி கொடுக்கும். ஊரிலுள்ள வீட்டை விற்று நஷ்டஈடு கட்டும் நிலையிலிருந்து ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுவது இதுதான். அதன் அருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் வண்டியின் சொந்தக்காரரே மழையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தால், அவருக்கு இந்த இன்ஷூரன்ஸில் ஒரு காசும் கிடையாது.

புது வண்டிக்கு ஐந்தாண்டு இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு வந்த வரலாறும் தெரிந்துகொள்ளத் தக்கது. சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டுமென்று கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2014-ல் அமைக்கப்பட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், கேரளத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன். முதல் ஆண்டு முடிந்ததும் பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓடும் இரு சக்கர வண்டிகள் மிகுந்திருந்ததால், புது வண்டி விற்கும்போதே ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமென 2018 ஜூலை 20-ல் கோர்ட் உத்தரவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் சேர்த்து 3,851 ரூபாய், வரி தனி.

நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் இதிலிருந்தே ஒரு புதுக் குழப்பமும் பிறந்திருக்கிறது. ஷோரூமில் கொடுக்கும் பாலிசியில் வழக்கமாக மூன்று பகுதிகள் இருக்கும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஐந்தாண்டுக்கு. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஓராண்டுக்கு. சொந்தக்காரருக்கான விபத்து இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் ஓராண்டுக்கே. முதல் பிறந்த நாளோடு பின்னிரண்டும் காலாவதியாகிவிடுகின்றன. வண்டிக்காரரோ "ஐந்து வருஷத்துக்குக் கட்டியாயிற்று" என்று நிம்மதியாக இருக்கிறார். போலீஸ் சோதனையிலும் குறை எதுவும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் விபத்து நேர்ந்து கம்பெனிக்குப் போகும்போதுதான் உண்மை தெரிகிறது.

இந்த மூன்றில், கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் உழைப்பவர் விடவே கூடாதது சொந்தக்காரருக்கான விபத்து இன்ஷூரன்ஸ். இரு சக்கர வண்டிக்கு முன்பு ஒரு லட்சம் ரூபாயாக இருந்த இத்தொகை 2018-ல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. உயிரிழந்தாலும், இரு கை கால்களை இழந்தாலும் முழுத் தொகை. ஒரு கையோ, காலோ, ஒரு கண்ணின் பார்வையோ போனால் பாதித் தொகை. தவறு யாருடையது என்ற கேள்வி இதில் எழுவதில்லை. 2018-ல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 750 ரூபாய். இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மாறக்கூடும் என்றாலும், அந்தக் கணக்குப்படி நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்றே கூடுதல். ஒரு டீயின் விலைகூட இல்லை. ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருந்த குடும்பங்களின் காலம் போய், இன்று பாங்குக் கணக்கில் பணம் வருவதை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. அந்தப் பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியம். ஓட்டுபவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கி ஆர்.சி.யை மாற்றாமலே ஓட்டுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வண்டி கைமாறியதும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கூடவே வரும். மற்றவை தாமாக வாரா. 14 நாட்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரரின் இடத்தில் இருப்பவரே. மூன்றாம் நபர் என்று சொல்லி நஷ்டஈடு கேட்க முடியாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

பின்னால் உட்கார்ந்து வருபவரின் நிலை இதைவிடப் பரிதாபமானது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், அந்த வண்டியின் பின்னிருக்கையில் இருப்பவருக்கு நஷ்டஈடு கொடுக்கக் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று, கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற ஒரு வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. எதிரே வந்த வண்டியின் மீது தவறு என்றால் அந்த வண்டியின் கம்பெனி கொடுக்கும். ஓட்டியவர் மீதே தவறு என்றால் அவருடைய கைப்பணம்தான் போக வேண்டும். முழு இன்ஷூரன்ஸ் பாலிசியில் பின்னிருக்கைக்காரரும் அடங்குவார் என்பதை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மனைவியையோ சக தொழிலாளியையோ தினமும் ஏற்றிச் செல்கிறவர் முழு பாலிசியை விடாமல் புதுப்பிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வண்டிச் சேதத்துக்கான பகுதி அவரவர் வசதியைப் பொறுத்தது. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் கைகொடுப்பது இதுவே. ஆனால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலை கழிக்கப்படும். கழிக்காமல் கொடுக்கும் பாலிசிக்குக் கட்டணம் கூடுதல். ஓராண்டு முழுவதும் நஷ்டஈடு கேட்காதவருக்கு மறு ஆண்டு இந்தப் பகுதியின் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. படிப்படியாக 50 சதவீதம் வரை உயரும். கெடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். தமிழ்நாட்டில் எடுத்த பாலிசி களியக்காவிளையைத் தாண்டினாலும் செல்லும். ஆனால் வண்டி 12 மாதங்களுக்கு மேல் கேரளத்திலேயே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்; அந்த எண்ணையும் விலாசத்தையும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.

தொழிலாளிகள் படிப்பதில்லை என்று குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. நுணுக்கி அச்சிட்ட ஆங்கிலப் பக்கங்களைப் பத்தாம் வகுப்பு படித்தவர் எப்படிப் புரிந்துகொள்வார்? எந்தப் பகுதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், மலையாளத்திலும் தமிழிலும் அச்சிடக் கம்பெனிகளால் முடியாததல்ல. கெடு முடியுமுன் கைபேசிக்குத் தகவல் அனுப்புவதும் பெரிய செலவல்ல. பின்னிருக்கைக்காரரையும் கட்டாயப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது பற்றி மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும். கம்பெனியுடன் தகராறு ஏற்பட்டால் கொச்சியிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதும் பரவலாகத் தெரிய வேண்டும்.

அதுவரை வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பாலிசியை எடுத்து, தம் பெயருக்கான விபத்து இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று பார்க்கட்டும். அந்தத் தேதி கடந்திருந்தால், அடுத்த சம்பளம் வரை காத்திருக்க வேண்டாம்.