9 லட்சத்துக்கு பென்ஸ்: டோக்கன் அட்வான்ஸ் அனுப்பும் முன் என்னென்ன பார்க்கணும்?

'2015 மாடல், டீசல், சிங்கிள் ஓனர், டெல்லி வண்டி, வெறும் 9 லட்சம்!' இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அந்தக் காசுக்கு ஷோரூமில் போனால் சின்ன கார்தான் கிடைக்கும். இங்கேயோ லெதர் சீட், சன்ரூஃப், முன்னால் நட்சத்திர லோகோ. பழனி பக்கம் தொப்பம்பட்டி மாதிரி ஊரில் அப்படி ஒரு கார் வந்து நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆசை வருவதில் தப்பே இல்லை.

ஆனால் 50 லட்சத்துக்கு விற்ற கார் ஏன் 9 லட்சத்துக்கு வந்தது? சுருக்கமான பதில்: வயதாக வயதாக காரின் விலை குறையும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையாது. பத்து வருடத்துக்குப் பிறகும் அது 50 லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ்தான், 50 லட்ச ரூபாய் காரின் சஸ்பென்ஷன்தான். வரியிலும் இதே கதை வரும், அதை அப்புறம் பார்ப்போம்.

'டெல்லியில தடை சார், அதான் சீப்'

வியாபாரிகள் சொல்லும் முதல் காரணம் இதுதான். இதில் பாதி உண்மை.

10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி, என்.சி.ஆர். பகுதியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற வரம்பை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கிடையாது என்று டெல்லியில் அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பதற்றத்தில் நல்ல நிலையில் இருந்த சொகுசு கார்களைக்கூட அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு.

அதன் பிறகு நடந்ததை ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை. 2025 ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. என்.சி.ஆரில் பிஎஸ்-4 வந்தது 2010-இல். அதாவது 2015 மாடல் டீசல் பென்ஸை 'தடை'க்காகத்தான் விற்கிறோம் என்று இப்போது யாராவது சொன்னால், அந்தக் காரணம் பழசாகிவிட்டது. வேறு என்ன காரணம் என்று கேளுங்கள்.

ஒரு காரணம் நியாயமானது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சொகுசு கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் மட்டுமே. அதற்கு முன் செஸ் சேர்த்து 50 சதவீதம் வரை போனது. புது கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் இறங்கும். மற்ற காரணங்கள் எல்லாம் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலோ, ஆர்.சி. புத்தகத்துக்குள்ளோதான் இருக்கும்.

பூட்டான் வண்டி தந்த பாடம்

பேப்பர் விஷயத்தை 'அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துப்பார்' என்று விடுகிறவர்கள் 'ஆபரேஷன் நும்கோர்' பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் துறை கேரளம் முழுவதும் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. பூட்டானில் இருந்து சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட பழைய சொகுசு கார்களைத் தேடித்தான் இந்தச் சோதனை. நும்கோர் என்றாலே பூட்டான் மொழியில் வாகனம்தான். முதல் நாளிலேயே 36 வண்டிகள் பறிமுதல். பெரும்பாலும் லேண்ட் க்ரூசர், டிஃபெண்டர் ரகம். ராணுவம், தூதரகங்கள் பெயரில் போலி ஆவணங்கள் தயாரித்து, வெளி மாநில ஆர்.டி.ஓ.க்களில் பதிவு செய்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. இதன் பின்னணியில் இருப்பதாகச் சுங்கத் துறை சொன்னது கோவையை மையமாகக் கொண்ட ஒரு கும்பலை. தொப்பம்பட்டியில் இருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான்!

நடிகர் துல்கர் சல்மானின் 2004 மாடல் லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் பறிமுதலானது. அவர் கேரள உயர் நீதிமன்றம் போனார். அந்த வண்டியை முதலில் இறக்குமதி செய்தது செஞ்சிலுவைச் சங்கத்தின் டெல்லி அலுவலகம் என்று காட்டும் ஆவணங்களை நம்பி, நல்லெண்ணத்தில்தான் வாங்கினேன் என்பது அவர் வாதம். வண்டியைத் தற்காலிகமாக விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி 2025 அக்டோபரில் நீதிமன்றம் சுங்கத் துறைக்கு உத்தரவிட்டது. யார் சொல்வது சரி என்பது விசாரணையில் தெரியட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கையில் ஆர்.சி. இருந்தது, பல வருடமாக வண்டி ஓடியது, அப்படியும் வாசலில் இருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வக்கீல் வைத்து வாதாட அவருக்கு வசதி இருக்கிறது. நமக்கு?

ஆக, முழுசாக வெளிநாட்டில் தயாராகி வந்த வண்டி என்றால் சுங்கவரி கட்டிய பேப்பரையும், 'பில் ஆஃப் என்ட்ரி'யையும் கேட்காமல் பேச்சையே ஆரம்பிக்காதீர்கள். பழைய காரை வெளிநாட்டில் இருந்து கொண்டுவர நம் நாட்டில் விதி ரொம்பக் கடுமை. மூன்று வருடத்துக்கு மேல் பழசானதைச் சாதாரணமாக இறக்குமதி செய்யவே முடியாது. '98 மாடல், 2012-ல இம்போர்ட் பண்ணது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

திண்டுக்கல் ஆர்.டி.ஓ.வில் என்ன ஆகும்?

இந்தியாவிலேயே அசெம்பிள் செய்த பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி என்றால் இறக்குமதிச் சிக்கல் கிடையாது. ஆனால் வெளி மாநில வண்டி என்றால் வரி இருக்கிறது. பட்ஜெட் போடுகிற பலர் சறுக்குவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டியை இங்கே பதிவு செய்யும்போது வயதைப் பொறுத்து வீதம் குறையும், சரி. ஆனால் கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுத்த 9 லட்சத்தில் இருந்து அல்ல, அந்த காரின் ஆரம்ப விலையில் இருந்து. அதனால் டோக்கன் கொடுக்கும் முன்பே பழைய இன்வாய்ஸ் நகல், ஆர்.சி. நகல் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் பணம் போவது அங்கே பதிவில் உள்ள உரிமையாளருக்கு. விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அடுத்தது என்.ஓ.சி., அதாவது படிவம் 28. அதில் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுதியிருக்கும். அங்கே சேலம் என்று இருந்தால் திண்டுக்கல்லில் டிஎன் 57 நம்பர் கேட்டுப் போய் நிற்க முடியாது. லோன் முடிந்த கார் என்றால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். 'லோன் க்ளோஸ் ஆயிடுச்சு' என்ற வாய் வார்த்தை செல்லாது. எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் லோன், இன்ஷூரன்ஸ், பிளாக்லிஸ்ட் விவரங்கள் தெரிந்துவிடும். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் ஆன்லைனில் பார்த்துவிடலாம்.

விற்பவர் ஓனரா, இடைத்தரகரா என்பதும் முக்கியம். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று கட்டாயம். இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். வெறும் கையெழுத்து போட்ட படிவம் 29, 30-ஐ மூன்று கை மாற்றி விற்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் பல கை மாறிய வண்டி. போலீஸ் முதலில் தேடிப் போனது ஆர்.சி.யில் பெயர் இருந்த பழைய ஓனரைத்தான். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். 2012 மாடல் வாங்கினால் 2027-இல் எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் வரும். 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக்கியது. இறக்குமதி கார் என்றால் 80,000.

காலையில் போங்க, போனையும் எடுத்துட்டுப் போங்க

இப்போது கார். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை உங்களிடம் இருந்து மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான் டைமிங் செயின் தேய்ந்த சத்தம் கேட்கும். 2007 முதல் 2011 வரை வந்த பிஎம்டபிள்யூ 2 லிட்டர் டீசல் இன்ஜினில் (என்47) இது உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு. அந்தச் செயின் இருப்பது இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. செயினின் விலை பெரிசில்லை, அதைத் தொடுவதற்கு ஆகும் லேபர்தான் கண்ணைக் கட்டும். அதே காலகட்டத்து ஆடியின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. ஓனரிடம் 'எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் டாப்-அப்?' என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் பதிலைவிட அதுவே தகவல்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் இரவு முழுக்க நின்ற வண்டியைப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தரையோடு படுத்திருந்தால் காற்று கசிகிறது. கியரை ரிவர்ஸில் இருந்து டிரைவுக்கு மாற்றும்போது ஒரு விநாடி யோசித்துவிட்டு 'டொக்' என்று விழுகிறதா? 'கியர் ஆயில் லைஃப்டைம் சார், மாத்தவே வேணாம்' என்பார்கள். பல சொகுசு கார்களில் உள்ள 8 ஸ்பீடு கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

மீட்டரைத் திருத்துவது இந்த கார்களில் ஓரளவுக்கு மாட்டிக்கொள்ளும். பிஎம்டபிள்யூ, பென்ஸில் ஓடிய தூரம் டேஷ்போர்டில் மட்டுமல்ல, வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகும். பிராண்டுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் போட்டால் இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு இருப்பது தெரிந்துவிடும். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் கிடைக்கும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகி, போனில் செயலியைத் திறங்கள். எரர் எதுவும் இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 'எரர் அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு வரி இருக்கும். அது 12 கிலோமீட்டர் என்றால், நேற்றுத்தான் யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பார்க்க சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் துரு? ஹெட்லைட்டுக்குள் ஆவி? 2015, 2023 சென்னை வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகளைத் துடைத்து வெளியூரில் விற்பது புதிய தொழில் இல்லை. சாதாரண கார் மூழ்கினால் காயவைத்து ஓட்டிவிடலாம். இந்த கார்களில் முக்கியமான எலக்ட்ரானிக் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் இருக்கும். அவை வருடம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் படுக்கும்.

இரண்டு சாவியும் இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பல பிஎம்டபிள்யூக்களில் ஸ்டெப்னியே கிடையாது, ரன்-ஃப்ளாட் டயர்தான். பஞ்சர் ஆனாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டலாம், ஆனால் நம் ஊர் பஞ்சர் கடை அண்ணன் அதைத் தொடத் தயங்குவார்.

உண்மையில் தொப்பம்பட்டிக்காரருக்குப் பெரிய கேள்வியே தூரம்தான். இந்த கார்களைத் தெரிந்த மெக்கானிக் கோவையில் இருக்கிறார். ஏர் சஸ்பென்ஷன் படுத்துவிட்டால் அங்கே வரைக்கும் ஃப்ளாட்பெட் லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும். அதனால் வாங்கும் முன் அதே மெக்கானிக்குக் கூலி கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி, ஸ்கேன் போட்டு, இன்னும் ஒரு வருடத்துக்குள் என்ன செலவு வரும் என்று எழுதி வாங்குங்கள். 'செக் பண்ண விடமாட்டேன், இப்பவே ரெண்டு பேர் வெயிட்டிங்' என்று விற்பவர் சொன்னால், அந்த ரெண்டு பேருக்கே போகட்டும்.

வாங்கிய பிறகு?

வாங்கிவிட்டீர்கள் என்றால் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ-கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 5 வருடம் தாண்டிய காருக்கு மதிப்பு எவ்வளவு என்பதை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், பழைய வண்டிக்கு ஜீரோ-டெப் கிடைப்பது கஷ்டம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் க்ளெய்மில் வரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு தக்காளி வண்டி லேசாக உரசி பம்பர் உடைந்தாலும், அந்த 50 லட்ச ரூபாய் காரின் பம்பருக்குப் பாதிக் காசு உங்கள் பாக்கெட்டில் இருந்துதான்.